இடது கை மேஜைமேல் இருக்கட்டும்

கடலோரத்து அந்தப் பழைய ஓட்டலில் பணக்காரர்கள் வந்து தங்கிவிட்டுப் போவார்கள். பெயர் பெற்றவர்கள் கையை விட்டுவிட்டுப் போவார்கள். வாசலிலிருந்து தேநீர்க் கூடத்துக்குப் போகும் நடைவழியின் இருபுறமும் கண்ணாடி அலமாரிகள். அங்கே தங்கிய எழுத்தாளர்கள், ஓவியர்கள், இசைக்காரர்கள் அத்தனை பேருடைய வலது கைகளும் வெள்ளை பிளாஸ்டரில் வரிசையாக நின்றன.

"கறிக்கடை மாதிரி இருக்கு," என்றாள் மனைவி, பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு.

"மெதுவா பேசு. வேலை போயிடப் போகுது," என்றான் பியானோக்காரன்.

ஊர் ஊராக அலைந்து வாசித்தவனுக்கு முதல்முறையாகக் கிடைத்த நிரந்தர வேலை. அதுவும் குழந்தை பிறக்கப்போகும் நேரத்தில். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் வாசிப்புக்கு முன் கையை அச்சு எடுப்பது அந்த ஓட்டலின் வழக்கம். கடலைப் பார்த்த அறையில் சிற்பி காத்திருந்தார். ஈரச் சுண்ணாம்பும் கடற்பாசியும் கலந்த வாடை. பியானோக்காரனின் வலது கையில் எண்ணெய் தடவி, குழைத்த பிளாஸ்டரால் மணிக்கட்டு வரை மூடினார்.

"சூடேறும், பயப்படாதீங்க. இடது கை மேஜைமேலயே இருக்கட்டும். யாரையும் தொடக் கூடாது."

சூடு ஏற ஏற அவன் நடுங்கினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. மேஜைமேல் இருந்த இடது கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். பிறக்கப்போகும் குழந்தைக்கென்று அவன் ஒரு தாலாட்டு கட்டியிருந்தான். தினமும் சாயங்காலம் அவள் வயிற்றில்தான் அதை விரலால் தட்டிப் பழகுவான். பழக்கதோஷம், விரல்கள் இப்போதும் தட்டத் தொடங்கின.

சிற்பி பார்த்தார். பிளாஸ்டரை இன்னொரு பூச்சு பூசினார்.

உள்ளே குழந்தை ஒருமுறை உதைத்தது. பிறகு வெகுநேரம் அசையவில்லை.

அன்று மாலை தேநீர்க் கூடத்தில் அவன் பியானோ முன் உட்கார்ந்தான். வலது கை எழவில்லை. ஐஸ் கட்டியாக மடியில் கிடந்தது.

பியானோவின் கட்டைகள் தாமாக அமுங்கின.

அதே தாலாட்டு. ஒரு பிசிறு இல்லை.

விருந்தினர்கள் கேக்கை மென்றபடி கைதட்டினார்கள். அவன் கை மடியில் கிடந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. மறுநாள் மேலாளர் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "இனிமே நீங்க வரணும்னு அவசியம் இல்லை சார்."

டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, செத்த கையை இடது கையால் தடவிக்கொண்டே இருந்தான். சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் போட்டுவிட வேண்டியிருந்தது. "அந்தப் பிளாஸ்டர் கைய உடைச்சா, என் கை திரும்பி வந்துடுமோ?" என்று ஒருநாள் கேட்டான். அவள் பையில் சுத்தியலைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நடைவழியில் பட்டப்பகல் வெளிச்சம். ஆள் அரவம் இல்லை. கண்ணாடிக்குள் எங்கோ நகம் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் கையை அவளுக்குத் தெரியாதா? கட்டைவிரல் தழும்போடு கடைசி அலமாரியில் இருந்தது. கதவைத் திறந்து சுத்தியலை ஓங்கினாள்.

அதன் பின்னால் இன்னொரு கை இருந்தது.

எலுமிச்சை அளவு. மூடிய குட்டி முஷ்டி. தொட்டாள்.

இன்னும் சூடு ஆறவில்லை.

"நாங்க ஒரு கைதான் கேட்டோம்." முதுகுக்குப் பின்னால் சிற்பி கிசுகிசுத்தார். "இது நீங்களா குடுத்தது."

"ரெண்டையும் குடுத்துடுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"ஒண்ணைத்தான் எடுத்துட்டுப் போகலாம். எதுன்னு நீங்களே சொல்லுங்கம்மா."

அவள் அழவில்லை. அழுகை வருவதற்கு முன்பே மனசு முடிவு செய்துவிட்டது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. சின்னதைத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் தேநீர்க் கூடத்தில் தாலாட்டு தொடங்கியது.

"கிடைச்சுதா?" என்றான் அவன்.

"இல்லீங்க. அலமாரி பூட்டியிருக்கு."

"பரவாயில்ல விடு. இந்த நேரத்துல நீ அலையாத."

அந்த வார்த்தைக்குப் பதில் அவன் அவளை அறைந்திருக்கலாம்.

பெண் குழந்தை பிறந்தது. பத்து விரலும் பழுதில்லை. துணிமூட்டையை அவள் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். அவனுக்குத் தெரியாமல் தினமும் திறந்து பார்ப்பாள். முஷ்டி அப்படியே இருக்கும். அவன் கையைக் கொடுத்து வாங்கியது வீண்போகவில்லை என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள்.

ஒரு மாலை, ஓட்டலில் தேநீர் நேரம். முன்னறையிலிருந்து அவன் கூப்பிட்டான்.

"இங்க வாயேன், சீக்கிரம். பாப்பா என் பாட்டைத் தட்டுறா."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தான். மடியில் கிடந்த குழந்தையின் வலது விரல்கள் அவனுடைய செத்த கையின்மேல் தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தன. கிலுகிலுப்பையைப் பிடிக்கக்கூடத் தெரியாத குழந்தை. அது கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் பீரோவுக்கு ஓடினாள்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. துணியின் முடிச்சு அவிழவில்லை. பிரித்தாள். உள்ளே கொஞ்சம் ஈர வெள்ளைப் பொடி, கடற்பாசி வாடையோடு.

முன்னறையில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஞானம் பாத்தியா நம்ம பொண்ணுக்கு? ஏன்டி, விரல் மட்டும் ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?"