தூணுக்குள் முட்டியது

கீழ்த்தளத் தூணுக்குள் ஏதோ முட்டுவதாகக் கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டியது. குழாய் பீமில் முட்டும், ஏசி குழல் சுவரில் முட்டும். அதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் கோரிமேட்டுச் சாலையில் எழும்பிக்கொண்டிருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியை முதலில் கம்ப்யூட்டருக்குள் மாடலாகக் கட்டி வைத்திருந்தார்கள். மிஷன் வீதி ஆபீஸ் மாடியறையில், ஐப்பசி மழை மரச் சன்னல்களை அறைந்துகொண்டிருக்க, ஈரச் சுண்ணாம்பும் சூடேறிய ஒயரும் கலந்த வாடையில் உட்கார்ந்து இராமதாஸ் தூணைத் திறந்து பார்த்தான்.

முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு உருவம். யாரும் வரையாதது. முகம் கிடையாது. ஆனால் வலது முழங்கை, புத்தூர்க் கட்டுப் போட்டும் நேராகாத வேம்புவின் முழங்கை போலவே கோணியிருந்தது. வேம்பு அவன் மனைவியின் ஒரே தம்பி. அந்தக் கட்டடத்தில்தான், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலை. அந்தத் தூணுக்கு இன்றைக்குத்தான் கான்கிரீட்.

"என்னய்யா, இன்னும் சிவப்பு?" மேனேஜர் கோபிநாத் எட்டிப் பார்த்தார். "சாயங்காலம் முதலாளிங்க வராங்க."

"சார், தூணுக்குள்ள ஆள் மாதிரி இருக்கு."

"ஆஸ்பத்திரின்னா ஆளு இருக்கத்தான் செய்வான். நகத்தி வை."

அழித்துப் பார்த்தான். அழியவில்லை. இழுத்தால் மட்டும் சாதுவாக வந்தது. வேறு இடத்துக்கு நகர்த்துவதற்கு முன்னால் வேம்புவுக்குப் போன் போட்டான்.

"டேய், அந்தத் தூணாண்ட போவாத. காரணம் கேக்காத."

"சரி மாமா. அக்கா எதுனா கனா கண்டுச்சா?" வேம்பு சிரித்தான்.

நிம்மதியாக உருவத்தை இழுத்துப் போய், எதிலும் முட்டாத ஒரு காலி இடத்தில் விட்டான். லிப்ட் குழி. சிவப்பு அணைந்தது. கோபிநாத் முதுகில் தட்டிக்கொடுத்து, டீ சொல்லப் போனார்.

போன் அடித்தது.

"மாமா, தூணாண்ட போவ மாட்டேன்னேன். மேஸ்திரி கண்டபடி திட்டிட்டு, லிப்ட் குழியில தண்ணி எறைக்க எறக்கிட்டாரு."

இராமதாஸ் திரையைப் பார்த்தான். குழிக்குள் உருவம் எழுந்து நின்றிருந்தது. ஒரு கை காதோரம்.

"மேல ஏறுடா! உடனே ஏறு!"

"ஏணியக் காணும் மாமா. இப்பதான் இருந்துச்சு." தண்ணீர் சளசளத்தது. "மேல எவனோ நிக்கிறான். ஆள் தெரியல. நெழலு மட்டும் என் மேல விழுது."

"என்ன நிழல்?"

"அம்பு மாதிரி."

திரையில், உருவத்தின் தலைக்கு மேலே, அவனுடைய மவுஸ் அம்பு.

வெடுக்கென்று விலக்கினான். நகரவில்லை. மவுஸ் ஒயரைப் பிடுங்கினான். கையை எடுத்தான். இரண்டு கையையும்.

"மாமா, கிட்ட வருது."

அம்பு இறங்கியது. உருவம் அண்ணாந்தது. முகமில்லாத இடத்தில் ஒரு வாய் திறந்தது.

அம்பு இறங்கிக்கொண்டே இருந்தது.