முன்னறைக்கு வந்த தையல் மெஷின்

அந்தத் தெருவில் பன்னிரண்டு கடைகள். ஒன்பது பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த மூன்றில் ஒன்று, வாலுவின் அம்மா பை தைத்து விற்கும் கடை. அங்கேயும் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வாலு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள்.

"இந்த மாசத்தோட கடையைக் காலி பண்ணிடலாம்னு இருக்கேன்டி," என்றாள் அம்மா. "எல்லாரும் பெரிய கடைக்குத்தான் போறாங்க. அங்க ஆயிரம் பை தொங்குது."

பள்ளி விட்டதும் வாலு ஓடிவரும் இடம் அதுதானே!

மறுநாள் பெரிய கடைக்குப் போய்ப் பார்த்தாள். அம்மா சொன்னது நிஜம்தான். எங்கே பார்த்தாலும் பைகள். ஆனால், தைக்கிற ஆளை மட்டும் எங்கேயும் காணோம்!

திரும்பி வந்ததும், "அம்மா, மெஷினைப் பின்னறையிலேர்ந்து முன்னாடி இழுத்துப் போடலாம். நீ தைக்கிறதை எல்லாரும் பார்க்கட்டும்," என்றாள்.

"போடி! நான் என்ன வித்தையா காட்டறேன்? கூச்சமா இருக்கும்."

"ஒரே ஒரு நாள்மா!"

மெஷின் யானைக் கனம் கனத்தது. எதிர்க்கடைச் சாவிக்காரர் ஒரு கை கொடுத்தார். கண்ணாடி ஜன்னலை ஒட்டிப் போட்டார்கள்.

கடகடவென்று மெஷின் ஓடியது. தெருவில் போன ஒரு குட்டிப்பெண், மூக்கு சப்பையாகும்படி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவளை இழுத்துப்போக வந்த அப்பாவும் நின்றுவிட்டார்.

அம்மாவுக்குக் கை தடுமாறி நூல் அறுந்தது. வாலு சட்டென்று கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க! உனக்கு எந்த மாதிரிப் பை வேணும், பாப்பா?"

"தண்ணி பாட்டில் வைக்க ஒரு பாக்கெட். அப்புறம், நான் பொறுக்குற கல்லெல்லாம் வைக்க ஒரு ரகசியப் பாக்கெட்!"

"கல்லா?" அம்மா சிரித்தேவிட்டாள். கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. "அப்போ அடியில ரெட்டைத் தையல் போடணுமே!"

அந்த வாரம் பதினோரு பேர் பை தைக்கச் சொன்னார்கள். கிழிந்த பையோடு வந்தவர்கள், காத்திருந்த நேரத்தில் எதிர்க்கடையில் சாவியும் செய்துகொண்டார்கள். சாவிக்காரர் சும்மா இருப்பாரா? தன் மேஜையையும் வாசல் பக்கம் நகர்த்திவிட்டார்.

வாலுவின் கண் இப்போது பக்கத்துப் பூட்டிய கடைமேல் விழுந்தது. மாடி வீட்டுத் தச்சர் மாமா, சின்ன அறைக்குள் நாற்காலி செய்தபடி மரத்தூளில் தும்மிக்கொண்டிருப்பார். அவர் கதவைத் தட்டினாள்.

"மாமா, கீழ வந்து தும்முங்களேன். பார்க்க நிறைய பேர் இருக்காங்க!"

மாதம் முடிந்தது. அம்மாவின் கடை காலியாகவில்லை. பக்கத்துக் கடையும் திறந்துவிட்டது. அதை வாடகைக்கு எடுத்த தச்சர் மாமா, பலகைமேல் இழைப்புளியை ஓட்டினார். சுருள் சுருளாக மரச்சீவல் வாசலில் வந்து விழுந்தது. அதைப் பொறுக்கப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.

"தள்ளாதீங்க, தள்ளாதீங்க!" என்று கத்தினாள் வாலு. "இது எங்க தெருவுலேயே செய்யறது. இன்னும் நிறைய வரும்!"