காபித்தூள் டப்பாவில் ஒரு குழந்தை

மலை மேல் லாட்ஜ் என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்துவிட வேண்டாம். இது புதுக்கோட்டைப் பக்கத்து மலை. வெறும் மொட்டைப் பாறை. அதன் பாதி உயரத்தில் பத்து அறைகளோடு ஒரு லாட்ஜ் இருந்தது. அதன் சமையல்கட்டுக்குப் பின்னால், வெங்காய மூட்டைகள் அடுக்கிய சின்ன அறையில்தான் அமலி ஒன்பது நாளாக இருந்தாள்.

ஒன்பது நாளும் தூறல். வெளியே போக வழியில்லை. விளையாட ஆளும் இல்லை.

அவளுடைய வீடு கட்டுமாவடியில், கடலுக்குப் பக்கத்தில். அங்கே தம்பி ஜோவானுக்கு அம்மை போட்டுவிட்டது. மறுநாளே அம்மாவுக்கும் போட்டது. வாசலில் வேப்பிலையைச் செருகிய கையோடு, "இவளாச்சும் தப்பிக்கட்டும்" என்று அம்மா அப்பாவுக்குப் போன் செய்தாள். அப்பா சூசை இந்த லாட்ஜில் சமையல்காரர். அவர் வந்து அமலியைக் கூட்டிக்கொண்டு போனார். கிளம்பிய அவசரத்தில் நீல நாடா போட்ட ஸ்கூல் ஐடி கார்டு ஆணியிலேயே தொங்கியது. புத்தகப் பை மட்டும் அவளோடு வந்தது.

அந்தப் பையில்தான் வினையும் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் குடில் கட்டுவார்கள். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் முதலிலேயே வந்துவிடும். குழந்தை இயேசுவுக்கு மட்டும் இருபத்து நான்காம் தேதிதான் இடம். அதுவரை வைக்கோல் தொட்டி காலியாகக் கிடக்கும். வீட்டிலேயே சின்னப் பிள்ளைதான் குழந்தையைத் தொட்டியில் வைக்க வேண்டும். பல வருடமாக அது அமலியின் வேலை. போன வருடம், "தம்பி வளந்துட்டான், இனிமே அவன் வைக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அமலிக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்தால் சும்மா இருக்க முடியுமா? இந்த வருடம் குடில் கட்டிய அன்றே, விரல் நீளக் களிமண் குழந்தையைப் பஞ்சில் சுற்றித் தன் பையின் அடியில் ஒளித்துவிட்டாள். தம்பி வந்து கெஞ்சட்டும், பிறகு கொடுக்கலாம் என்பது திட்டம். கெஞ்ச வருவதற்குள் அம்மை வந்துவிட்டது.

இருபத்து நான்காம் தேதி மதியம் நெருங்கும்போது அம்மா போன் செய்தாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"குழந்தைய இன்னும் காணோங்க. நேத்து பரண் வரைக்கும் ஏறித் தேடிட்டேன். இவன் அழுது அழுது கொப்புளத்தையெல்லாம் சொறிஞ்சு வைக்கிறான்."

"காய்ச்சலோட ஏன் பரண்ல ஏறுன? போனாப் போகுது, விடு" என்றார் அப்பா.

போன் வைக்கப்பட்டது. அமலி பையைத் திறந்து, பஞ்சுப் பொட்டலத்தை அப்பாவின் முன் வைத்தாள்.

"நான்தான்ப்பா எடுத்தேன்."

அப்பா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து ரூமும் ஆளு, ஆத்தா. எனக்கு இன்னிக்கு நகர முடியாதே" என்றார் மெதுவாக.

அமலி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். சமையல்கட்டில் மீன் வாசனை அடித்தது. தினமும் காலையில் கட்டுமாவடி பஸ்ஸில் ஐஸ் பெட்டி வரும். பக்கத்து வீட்டு மருதாயி அக்காதான் அதில் மீன் போட்டு அனுப்புவார். மதியம் அதே பஸ் திரும்பும்போது காலிப் பெட்டி ஊருக்குப் போகும்.

"அப்பா, மீன் பெட்டி ஊருக்குத்தான போகுது? இதுவும் அதோட போகட்டுமே."

"குழந்த மேல மீன் நாத்தம் அடிக்குமே."

"கட்டுமாவடிக் குழந்ததானப்பா."

அப்பாவின் வாய் ஓரம் லேசாகச் சிரித்தது. காலியான காபித்தூள் டப்பா ஒன்றை எடுத்துத் தந்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"மலையாண்டி பெட்டியத் தூக்கிட்டு எறங்கிட்டாரே. ஓடு ஆத்தா. படி வழுக்கும், பாத்து."

மலையாண்டி லாட்ஜின் வாட்ச்மேன். இருநூறு படி இறங்கினால்தான் ரோடு. அமலி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூறலில் இறங்கினாள். ஒரு படியில் சறுக்கி முட்டி சிராய்த்தது. டப்பாவை மட்டும் விடவில்லை.

கீழே பஸ் நின்றுகொண்டிருந்தது. பெட்டி ஏறிவிட்டது. விசில் வாயில் வைத்திருந்த கண்டக்டர் கவியரசன் அவளைப் பார்த்து நிறுத்தினார்.

"இது மருதாயி அக்காட்ட குடுக்கணுங்க."

"உள்ள என்ன பாப்பா?"

"குழந்தைங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. "என்னது?"

"களிமண்ணுங்க. குடில்ல வைக்கிறது. தம்பி அழுகுறான்."

"அதான பாத்தேன்." கண்டக்டர் டப்பாவை வாங்கித் தன் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். "அஞ்சு வயசுக்குக் கீழன்னா டிக்கெட் இல்ல. கையிலயே குடுத்துடுறேன், போ."

பஸ் போய்விட்டது. அது போகிற ஊருக்கு அமலி போக முடியாது. படி ஏறும்போது அவள் வாய்விட்டு அழுதாள்.

மாலையில் லாட்ஜுக்கு வந்த பிள்ளைகள் அவரவர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வாசல் நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். அமலி வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து அப்பாவின் போனைப் பார்த்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தையை வைக்க வேண்டும். ஆறு மணி ஆனது. ஆறரையும் ஆனது. சிலை உடைந்திருக்குமோ என்று பயந்தாள்.

வீடியோ கால் வந்தது. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக ஜோவான்.

"அக்கா, வந்துருச்சு" என்று டப்பாவை ஆட்டிக் காட்டினான். பிறகு போனைக் குடில் பக்கம் திருப்பினான்.

தொட்டி காலியாக இல்லை. வைக்கோலுக்கு நடுவே, நீல நாடா சுற்றிய ஒரு அட்டை படுத்திருந்தது. அதில் இரட்டைச் சடையோடு முறைத்துக்கொண்டிருந்தது அமலியின் முகம்.

"என்னடா இது?"

"குழந்தையும் இல்ல. நீயும் இல்ல. அதான் ஒன்னயப் படுக்க வச்சேன்."

அவனை அழ வைக்கத்தானே அமலி ஒளித்தாள்.

"ஜோவானு, அத ஒளிச்சு வச்சது நான்தான்டா."

அவன் கன்னத்தைச் சொறிந்துகொண்டே யோசித்தான். "சொறியாதடா" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அடுத்த தடவ ஒளிக்கிறப்ப என்னையும் கூப்புடு" என்றான்.

"சரி. இப்ப என் போட்டோவ எடுத்துட்டு அவர வை."

"மாட்டேன். நீ கொஞ்சம் தள்ளிக்க."

அட்டையை ஓரமாக நகர்த்தி, பக்கத்தில் குழந்தையைப் படுக்க வைத்தான். மோந்து பார்த்து, "காபி வாசம்" என்றான். அத்தோடு சிக்னல் போய்விட்டது.

வெளியே தூறல் நிற்கவில்லை. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அவள் வீட்டுக்குப் போக முடியாது.

அடுப்படியிலிருந்து அப்பா கேட்டார். "என்னத்தா, வச்சாச்சா?"

"வச்சாச்சுப்பா," என்றாள் அமலி. "எங்க ரெண்டு பேரையும்."