மஞ்சள் சேலைக்கு ஒரு வார்த்தை

அது என் சேலை இல்லை. மாம்பழ மஞ்சளில் சேலை இந்த ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கும். பச்சைக் கரையும் இருக்கும். முந்தானையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பும், பச்சை நூல் கிடைக்காத அவசரத்தில் கறுப்பு நூலால் போட்ட தையலும்கூட வேறு யாருக்காவது இருந்துவிட்டுப் போகட்டும்.

தனக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டே, முனீஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ராஜபாளையத்தின் அந்தக் கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயிலைத் தார்ப்பாய் கட்டி மறைத்திருந்தார்கள். முந்தின நாள் விருந்தின் சாம்பார் வாடையும், காய்ந்த தார்ப்பாயின் வாடையும், நூறு பேரின் வியர்வையும் ஒன்றாகக் கலந்து மின்விசிறிக் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. திரையில் ஒரு வீடு. வீட்டின் நடு அறையில் ஒரு கட்டில். கட்டில்மேல் ஒரு கிணறு. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபடி, முதுகை மட்டும் காட்டி, மஞ்சள் சேலைக்காரி நின்றுகொண்டிருந்தாள்.

படத்தின் பெயரே ‘கட்டில்மேல் கிணறு’தான். தனுஷ்கோடி எடுத்த ஒரே படம். இருபத்திரண்டு வருஷமாக அதையேதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். வருஷாவருஷம் வெட்டுவார், ஒட்டுவார், புதிதாக எதையாவது சேர்ப்பார். ஆவணியில் ஒருநாள் தானே வந்து ஓட்டிக் காட்டிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடுவார். வேறு பிரதி கிடையாது. அந்த ஒரு நாளுக்காகச் சென்னையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் பையன்கள் ரயிலேறி வருவார்கள். உள்ளூர்க்காரர்களில் பாதிப்பேர் பாதியில் எழுந்து போவார்கள்.

“ஏலே, கெணத்துக்குள்ள ஆடு உக்காந்து பேப்பர் படிக்கி. இதுக்கு வீட்டுல படுத்துத் தூங்கியிருப்பேன்” என்றார் பின்வரிசையில் சங்கிலிப்பாண்டி. அடுத்த தெருவில் மாவு மில் வைத்திருப்பவர்.

“இங்கயே தூங்குங்க அண்ணாச்சி. கனவுல பாத்தா இன்னும் நல்லாருக்கும்” என்றான் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஜெபின்.

“புரிஞ்சவன் ஒருத்தன் கையத் தூக்கு, பாப்போம்.”

“புரியவா இம்புட்டு தூரம் வந்தோம்?”

சிரிப்பு அடங்குவதற்குள் எல்லோரும் காத்திருந்த இடம் வந்தது. கட்டிலின் ஓரத்தில் நீலச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். படம் முழுக்க அவளுக்கு ஒரே ஒரு சொல்தான்.

“மாட்டேன்.”

மண்டபமே அவளோடு சேர்ந்து சொன்னது. பையன்கள் கைதட்டினார்கள். முனீஸ்வரிக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர்களுக்கான மிக்ஸரைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் பொன்னுராஜின் உதடும் அசைந்தது. அவன் கண் நனைந்திருந்தது.

நீலச்சேலைக்காரி அவனுடைய அக்கா அய்யம்மாள்.

மம்சாபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தவள். அந்தச் சேலையைத் தனுஷ்கோடிக்குக் கொடுத்தாள்; ஒருநாள் போய் டப்பிங் பேசிவிட்டு வந்தாள்; எட்டாம் நாள் மத்தியானம் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனவள் திரும்பவில்லை. ஓடிப்போய்விட்டாள் என்றார்கள். கிணறுகளில் தேடினார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணமாகி வந்த முனீஸ்வரி, மதினியை ஒரு போட்டோவிலும் இந்தப் படத்திலும்தான் பார்த்திருக்கிறாள்.

பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங் மேஜை அவளுக்கு. கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடிமேல் வெள்ளைத்துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஆயிரம் இழையில் ஓர் இழை விட்டிருந்தால் அது அவள் கண்ணைக் குத்தும். மூன்று வருஷத்துக்கு முன்னால், மதினியின் காதோரம் ஒரு நரை முடி அப்படித்தான் குத்தியது. போன வருஷம் ஒரு கொத்து. இன்றைக்குப் பாதித் தலை வெளுத்திருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த கை லேசாக நடுங்கியது.

மதினி வரும் துண்டு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் எடுத்தது.

“சார் அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்ணுவார்க்கா. அதான் அவரோட ஸ்டைலு” என்று ஜெபின் போன வருஷமே சொல்லியிருந்தான். பொருத்தமான பதில்தான். அவளும் தலையாட்டினாள்.

திரையில் மஞ்சள் சேலைக்காரி வலது கையின் மூன்று விரல்நுனிகளை முந்தானையில் துடைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பஞ்சுப் பிசிறு ஒட்டிய விரலைத் துடைப்பது போல.

முனீஸ்வரி தன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். வெறும் ஹேங்கர் இரண்டு தரம் ஆடி நின்றது.

“என் மஞ்சச் சேலை எங்க?”

பொன்னுராஜ் மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவதை நிறுத்தவில்லை. “அவியதான் கேட்டாவ.”

“எவிய?”

“டைரக்டர் அய்யா. கடைச்சேலை அவியளுக்கு ஆகாதுல்லா. கட்டாத துணி கேமராவுல பொணம் மாதிரி கெடக்கும்பாவ. ஒருத்தி கட்டிக் கட்டி நைஞ்சதா இருக்கணும். ஆண்டாள் சூடிக் குடுத்த மாலை மாதிரின்னு சொன்னாவ.”

“அவ சாமிக்குக் குடுத்தா. இது யாருக்கு?”

வயர் ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

“அதக் கட்டியிருந்தவ யாரு?”

“யாரோ நடிக்க வந்த பிள்ள.”

“மொகம் எப்படி இருக்கும்?”

“மொகத்த இன்னும் எடுக்கல.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “நீ வந்து ஒரு வார்த்த டப்பிங் பேசணுமாம், முனீசு. அம்புட்டுதான். பேசிட்டு சேலைய வாங்கிட்டு வந்துரலாம்.”

“நான் எதுக்குப் பேசணும்?”

“அக்கா எம்புட்டு நாளைக்கு ஒத்தையில உக்காந்திருப்பா?”

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். அடுத்த தெருவில் இருக்கும் அக்காவைப் பற்றிச் சொல்வதுபோல. அந்தச் சாதாரணம்தான் அவளை உறங்கவிடவில்லை.

அந்த வாரம் முழுக்க அவன் நிலைப்படியில் வந்து நின்றான். உள்ளே வரமாட்டான். “செத்த அப்படியே நில்லு” என்பான். எதற்கென்று கேட்டால், “ஒண்ணுமில்ல, சும்மா” என்பான். புதன்கிழமை அடுப்புக்கு முன்னால், அவள் பாதம் படும் இடத்தில், படப்பிடிப்பில் நடிக்கிறவர் நிற்கும் இடத்தைக் குறிப்பதுபோல, சாக்கட்டியால் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டிருந்தது. துடைத்தாள். வியாழக்கிழமை திரும்ப இருந்தது. அவன் சாமி படத்தைத் தொட்டு, தான் போடவில்லை என்றான். அவன் பொய் சொல்கிறான் என்று நம்ப அவள் எவ்வளவோ முயன்றாள்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் இழை விட்ட துணியைப் பார்த்த பிறகு பார்க்காததுபோல் தள்ளிவிட அவளால் ஒருநாளும் முடிந்ததில்லை. தனுஷ்கோடியின் முகத்துக்கு நேராக ‘மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும், சேலையை எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், பொன்னுராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொல்லையே வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

தனுஷ்கோடியின் வீட்டுக்கு அடுத்தது பால்கோவா கிண்டும் கொட்டில். சுண்டும் பாலின் வாடை தெருவெல்லாம் அப்பிக் கிடந்தது. அவர் வீட்டுக்குள் குடை பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். வாசலுக்கு வந்ததும் மடக்கிக்கொண்டார். அறுபது வயதிருக்கும். சலவைச் சட்டை. சாந்தமான முகம்.

“வாங்க தாயி. வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிக்கீகளா?”

“சேலைய வாங்க வந்தேன்.”

“உள்ளதான் இருக்கு.”

உள்ளறையின் சுவர்கள் வெள்ளையாக, மெத்தென்று இருந்தன. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க மில் கழிவுப் பஞ்சை அடைத்து, மேலே பேண்டேஜ் துணியை இழுத்துக் கட்டியிருந்தார். அவள் கண் தானாக இழைகளில் ஓடியது. குறுக்கிழை விட்ட இடம். முடிச்சு. எண்ணெய்க் கறை. எல்லாம் அவள் மேஜையில் அவளே கழித்துப் போட்ட துணி. பதினோரு வருஷத்துத் துணி.

பொன்னுராஜ் கதவைச் சாத்தினான். பால் வாடை நின்றது. தெரு நின்றது. தன் மூச்சு தன் காதுக்குள்ளேயே திரும்பிப் போவது அவளுக்குக் கேட்டது.

நாற்காலியில் மஞ்சள் சேலை மடித்து வைத்திருந்தது. தொட்டாள். இளஞ்சூடு. இடுப்பில் செருகும் இடம் வியர்வையில் ஈரமாக இருந்தது. முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவளுடைய வாடைதான்.

“பத்து செகண்டுத் துண்டு” என்றார் தனுஷ்கோடி. “திரும்பத் திரும்ப ஓடும். அவ வாயத் தெறக்கும்போது நீங்க பேசணும்.”

“என்ன பேசணும்?”

“‘போறேன்’. அந்த ஒரு சொல்லுதான்.”

இந்தப் பக்கத்தில் எவளும் அதைச் சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’தான். புருஷனோடு சண்டை போட்டுப் பெட்டியைத் தூக்குகிறவள்கூட ‘வாரேன்’ என்றுதான் படியிறங்குவாள். சின்னவயதில் ஒருநாள் தெரியாமல் ‘போறேன்’ என்று கிளம்பியதற்கு அம்மா வாயிலேயே அடித்திருக்கிறாள்.

இவரும் இந்த ஊர்க்காரர். இது தெரியாதா இவருக்கு? எந்தப் பெண்ணும் மறுக்கப்போகிற ஒரு சொல்லை எதற்காகத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்?

பொன்னுராஜ் அவள் காதில் ஹெட்போனை மாட்டினான். அவன் விரல் சில்லிட்டிருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. விளக்கு அணைந்தது. திரை வெளுத்தது.

கட்டில். கிணறு. ஓரத்தில் மதினி, நீலச்சேலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. மஞ்சள் சேலைக்காரி கிணற்றிலிருந்து நிமிர்ந்து திரும்பத் தொடங்கினாள். தோள். காது. துண்டு முடிந்தது.

மறுபடியும். தோள், காது, கன்னம். மதினி காலைக் கீழே தொங்கப் போட்டிருந்தாள். முதல் தடவை அப்படி இருந்தாளா?

மறுபடியும். மதினி நின்றுகொண்டிருந்தாள்.

மஞ்சள் சேலைக்காரி முழுதாகத் திரும்பினாள். முனீஸ்வரி தன் முகத்தைத் தானே பார்த்தாள். நெற்றியில் இன்று காலை வைத்த பொட்டு. பஸ்ஸில் கலைந்த முடி.

நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. மாட்டேன். சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து—

திரையில் அந்த வாய் மூடி, திறந்தது.

அவள் கண் பிசிறைப் பிடித்தது.

‘போ’ என்றால் உதடு குவியும். இது குவியவில்லை. மூடிய உதடு அகலமாக விரிந்தது. மறுபடியும் ஓடியது. மூடியது. விரிந்தது. மா.

மா.

மதினியிடமும் இதையேதான் கேட்டிருப்பார். இதே அறையில். மதினியும் எல்லாப் பெண்களையும்போல மறுத்திருப்பாள். மண்டபமே கைதட்டிச் சொல்கிற வசனம். அதை யாரும் எழுதவில்லை. அந்த மறுப்பைப் பதிந்துகொண்டுதான் அவளை உள்ளே வைத்திருக்கிறார்.

வந்த சொல்லை விழுங்கினாள்.

“சொல்லுங்க தாயி.” இருட்டில் குரல். அவசரமே இல்லாத குரல்.

துண்டு மறுபடியும் ஓடியது. கட்டிலோரம் யாரும் இல்லை. மதினி உட்கார்ந்திருந்த இடத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

ஹெட்போனில் இரண்டு மூச்சு. ஒன்று அவளுடையது.

பொன்னுராஜ் அவளுக்கு முன்னால் மண்டியிட்டான். திரை வெளிச்சத்தில் அவன் கன்னம் பளபளத்தது. அழுதுகொண்டே சிரித்தான். அவன் பார்த்தது அவளை அல்ல. அவள் தோளுக்கு மேலே, சாத்திய கதவுப் பக்கம்.

பழைய துணி வாடை. கருகிய சோற்றின் வாடை.

“ஏட்டி.” அவன் அவள் முழங்காலைப் பிடித்தான். “ஒரு வார்த்த. முடியாதுன்னா முடியாதுன்னாவது வாயத் தெறந்து சொல்லு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

அப்படியென்றால், மறுப்புதான் வேண்டிய சொல் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் ஹெட்போனை மாட்டியிருக்கிறான்.

இப்போது துண்டு முடியவில்லை. வெட்டு வரவில்லை. திரையில் அந்த முகம் அப்படியே நின்றது, வாயை விரித்தபடி. பல் தெரிந்தது. நாக்கு தெரியவில்லை. அதற்குப் பின்னால் கிணற்று இருட்டு. காத்திருந்தது.

முனீஸ்வரியின் பின்கழுத்தில் யாருடைய முடியோ உரசியது.

அவள் திரும்பவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு, புருஷனைப் பார்த்து, மெதுவாக, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

திரையில் இருந்தவள் தலையை அசைக்கவில்லை. விரித்த வாயோடு இன்னும் காத்திருந்தாள்.