அறுபது சதவீதக் கழிவு

சாருலதா எழுதிய குறிப்பு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது. அடியில் அதே முத்திரை: சுழற்சியில் இருபத்தைந்தாம் நாள், கவலைக் கழிவு அறுபது சதவீதம், ஐந்து நாள் கழித்து எழுதவும்.

சாயப்பட்டறையின் கொதிகலன் அவள் பொறுப்பு. நீராவிக் குழாயின் ஒட்டில் முடியளவு விரிசல் விழுந்திருந்தது. அதைத்தான் எழுதியிருந்தாள். காலையிலிருந்து ஒரு விரற்கடை நீண்டும் விட்டது. பத்தடி தள்ளி ஒன்பது பேர் துணி அலசிக்கொண்டிருந்தார்கள்.

மாதவிடாய்ச் சுழற்சி மனத்தை எப்படி மாற்றுகிறது என்ற ஆராய்ச்சி வெளியானபோது முதலில் மகிழ்ந்தவளே அவள்தான். மாதத்தில் ஒரு வாரம் உயிரோடிருப்பதே பாரமாகிவிடும் அவளுக்கு. வீட்டில் கொழுப்பு என்றார்கள். ஆராய்ச்சி, ஹார்மோன் சுரப்புகள் மூளையில் செய்யும் வேலை என்றது. மாத்திரை கிடைத்தது. தானாகவே விரும்பி மணிக்கட்டில் அதை அளக்கும் சுரப்புமானி கட்டிக்கொண்டாள். பிறகு கம்பெனி எல்லார் கையிலும் கட்டி, யார் எதை எழுதினாலும் அவர் சுரப்பைப் பார்த்து, அதில் இத்தனை பங்கு நம்ப வேண்டாம் என்று கழிவு போட ஆரம்பித்தது.

நேரே மேலாளர் சென்னியப்பனிடம் போனாள்.

"ஏனுங்க சார், இரும்பு எனக்கு நாள் பார்த்தா விரியுது?"

"கோவிச்சுக்காதீங்க சாரு. நானா சொல்றேன்? மானி சொல்லுது."

"ஒருக்கா வந்து கண்ணுல பாருங்க."

"ஆர்டர் நாளைக்கு ஏறோணும். அப்புறம் பார்ப்போம், போங்க."

போனாள். போய்க் கொதிகலனை அணைத்தாள். அணைக்க யார் கையெழுத்தும் வேண்டாம். மறுபடி மூட்டத்தான், கழிவு பத்துக்குள் இருக்கும் ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

சென்னியப்பன் ஓடி வந்தார். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க! மூட்டுங்க!"

"எனக்கு அறுபதுங்க. நீங்களே போடுங்க."

கையெழுத்துப் பலகையில் விரல் வைத்தார். ஆண் சுரப்பு காலை உச்சம், துணிச்சல் மிகை, கழிவு நாற்பது என்றது பலகை.

"எனக்கா? எனக்கேது சுழற்சி?" என்று கத்தினார். எழுபது.

"எங்களுக்கு மாசத்துக்கு ஒருக்கா. உங்களுக்குத் தெனமும் போல," என்றாள் அலசுகிற ருக்குமணி. ஒன்பது பேரும் சிரித்தார்கள். எண்பத்தைந்து.

அவர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, மூச்சை எண்ண ஆரம்பித்தார். அறுபத்தைந்துக்கு இறங்கியபோது, ஆறிக்கொண்டிருந்த குழாய் 'டங்'கென்று தெறித்தது. விரிசல் வாயைப் பிளந்தது. ஒரு கட்டைவிரல் நுழையும்.

குழாயை மாற்ற வெளியாளை வரவழைக்க வேண்டும். அதற்கும் கழிவு குறைந்த ஒருவர் குறிப்பு வேண்டும். சென்னியப்பனே எழுதினார். பயக் கழிவு தொண்ணூறு. ருக்குமணிக்கு எழுபத்தெட்டு. விரிசலைப் பார்த்த ஒருவருக்கும் ஐம்பதுக்குக் கீழே வரவில்லை.

கடைசியில் வாசல் காவலரைக் கூட்டி வந்தார்கள். கண்ணயர்ந்து அப்போதுதான் எழுந்தவர். கழிவு இரண்டு.

"எந்தக் குழாய்ங்க?" என்று கொட்டாவியோடு கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். குறிப்பு உடனே ஏற்கப்பட்டது.