வெள்ளிமலை இறக்கத்தில் முறிந்த தண்டு

ஜெயசுதாவின் சேலையில் புருஷனின் ரத்தம் இன்னும் காயவில்லை. கள்ளக்குறிச்சியில் உலோகப் பரிசோதனைக்கூடம் நடத்தும் இளஞ்செழியனிடம் அப்படியே ஓடி வந்திருந்தாள்.

“செல்லமுத்துவை எம் வூட்டுக்காரர் கொல்லலைங்க. செத்தவரோட அண்ணன் காசிநாதன் ராடால அடிச்சி அவரு வலது கையை மூணா ஒடிச்சிட்டான். ஆஸ்பத்திரியிலயே முடிச்சிடுவேன்னு சொல்லிக்கினு திரியறான்.”

மாசி மாதம் வெள்ளிமலை இறக்கத்தில், டிராக்டரோடு டிரெய்லரைப் பிணைக்கும் இரும்புத் தண்டு முறிந்து, மரவள்ளி பாரத்தோடு டிரெய்லர் கவிழ்ந்தது. மேலே உட்கார்ந்திருந்த சுமைத் தொழிலாளி செல்லமுத்துவின் தலை நசுங்கிப் போனது. முதல் நாள்தான் அவனோடு ஜெயசுதாவின் புருஷன், டிரைவர் வெற்றிவேல் சண்டை போட்டிருந்தான். தண்டின் வலது ஓரத்தில் இருந்த ரம்ப வெட்டை ஊருக்குக் காட்டியவர் டிராக்டர் முதலாளி தீனதயாளன். வெற்றிவேலைக் கொலைகாரனாக்க ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

போலீஸ் அனுப்பிய தண்டை உதவியாளர் ஷாலினி புரட்டிப் பார்த்தாள். “இடது பக்கம் உள்ளே செவப்பா இருக்கு சார். ரத்தம்.”

இளஞ்செழியன் அவளிடம், அதே சாலையில், அதே பாரத்தில், ஒரு நடைக்கு எத்தனை குலுக்கல், எவ்வளவு வேகத்தில் என்று அளந்துவரச் சொன்னார். அதே இரும்பில் ஆறு தண்டுகள் செய்து, மூன்றில் ரம்பத்தால் வெட்டி, எல்லாவற்றையும் முறியும்வரை இயந்திரத்தில் அதே கணக்கில் குலுக்கினார்.

“ரம்பம் பட்டதுதான் சார் சீக்கிரம் முறிஞ்சது! அப்போ வெற்றிவேல்தான்…”

“முறிஞ்ச முகத்தைப் பாரும்மா. விரிசல் நகர்ந்த தடம் வளையம் வளையமாத் தெரியும். எங்கேருந்து கிளம்புது?”

“ரம்ப வெட்டுலேருந்து.” ஷாலினி பழைய தண்டை எடுத்தாள். “இதுல… இடது பக்க வெல்டிங்லேருந்து!”

“அப்போ வெட்டு, முறிஞ்ச பிறகு வந்தது. வெட்டாத தண்டு விரிசல் விட்டு எவ்வளவு நாள் தாங்குச்சு?”

“அஞ்சு மாச நடை. பின்னால எண்ணினா போன ஆயுத பூஜை வரைக்கும் போவுது சார்.”

இளஞ்செழியன் போலீஸ் மூலம் ஸ்டேஷனுக்கு எல்லாரையும் வரவழைத்தார். கட்டுப்போட்ட கையோடு வெற்றிவேலும் வந்தான்.

“பூஜைக்குத் தண்டுல பொட்டு வெச்சது யாருங்க?”

“நான்தான்,” என்றார் தீனதயாளன். “மொதலாளி கையாலதான் வெக்கிறது.”

“உள்ளே இருக்கற செவப்பு ரத்தமில்ல, அந்தக் குங்குமம். அன்னிக்கே விரிசல் இருந்திருக்கு. அதுக்கு மேல பட்டிப் பசை வெச்சு மூடி பெயின்ட் அடிச்சிருக்கு. வெற்றிவேல் வேலைக்கு வந்ததே தை மாசம்.”

“மயிரிழைதாங்க இருந்திச்சி! இந்த சீசன் தாங்கும்னு நெனச்சேன். முறிஞ்சப்புறம் பயத்துல நான்தான் ரம்பத்தால அறுத்து வெச்சேன்.”

காசிநாதன் பாய்ந்து அவர் தலையைச் சுவரில் மோதினான். இரண்டு பற்கள் தரையில் விழுந்த பிறகுதான் போலீஸாரால் பிரிக்க முடிந்தது. மூச்சு வாங்க, மன்னிப்புக் கேட்டு வெற்றிவேலின் கட்டுப்போட்ட கையைப் பிடிக்க வந்தான்.

“தொடாதடா,” என்றாள் ஜெயசுதா. “இனிமே அதால ஸ்டீரிங் புடிக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”