லேடி போலீஸ் வரும் வரை

திரை அசைந்துகொண்டிருந்தது. கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது, கூரையிலிருந்து நீண்ட தண்டுகளில் தொங்கிய மின்விசிறிகள் அசையாமல் நின்றிருந்தன, சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். ஆனாலும் பெண்களைச் சோதனையிடுவதற்கென்று பிளைவுட்டால் தடுத்திருந்த அந்தச் சின்ன அறையின் பச்சைத் திரை மட்டும் மெல்ல உள்ளே ஒட்டுவதும் வெளியே உப்புவதுமாக இருந்தது, தூங்குகிறவரின் வயிற்றைப் போல.

லூர்துராணி அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். இடுப்பில் அமலி வீறிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயதுக் குழந்தை, மத்தியானத்திலிருந்து அழுது அழுது தொண்டை கட்டிப்போய், ஒவ்வொரு அழுகைக்கும் இடையில் ஒரு விக்கல் வந்து விழுந்தது. வெளியே நனைந்த தாரின் வாடையும் பினாயில் வாடையும் கலந்த அந்தக் கூடத்தில் வெளிச்சம் என்று சொல்ல, கவுண்டர் மேல் எரிந்த ஒரு பெட்ரோமாக்ஸ்தான். ஐந்து மணிகூட ஆகவில்லை. நவம்பர் மழை திருச்சியையே இருட்டாக்கியிருந்தது.

அவள் தம்பி பிலோமின்ராஜ் கூட வந்திருந்தால் குழந்தையைக் கொஞ்ச நேரமாவது வாங்கி வைத்திருப்பான். காட்டூரிலிருந்து டாக்ஸியில் அழைத்து வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கோ விமானம் கடத்தினார்கள் என்று போன வருஷத்திலிருந்து வழியனுப்ப வருகிறவர்களுக்கு உள்ளே இடமில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குடையோடு அவன் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. கையை அசைத்தால்கூட அவனுக்குத் தெரியாது.

இன்றைக்குப் போயே ஆக வேண்டும். மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், அங்கிருந்து மஸ்கட். விசா நாளையோடு முடிகிறது. அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியன். அவள் முழுகாமல் இருக்கும்போது கப்பல் ஏறியவன், மகளை இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. மூன்று மாதக் குழந்தையாக ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு போட்டோதான் அவனிடம் இருந்தது.

ஆண்களை எல்லாம் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பியாகிவிட்டது. பெண்கள் இரண்டே பேர்தான். அவளும், பாலக்கரையிலிருந்து வந்திருந்த நஜ்முன்னிசா என்ற வயதான அம்மாவும். சோதனை போட வேண்டிய பெண் போலீஸ் இன்னும் வரவில்லை.

மூன்றாவது முறையாக அவள் சப்-இன்ஸ்பெக்டரிடம் போனாள். "சார், இன்னும் எவ்வளவு நேரம் சார்? குழந்தை பசியில அழுவுது."

"நான் என்னம்மா பண்றது? லேடி போலீஸ் வந்தாத்தான் உங்களை செக் பண்ண முடியும். மழையில பஸ் எங்கயோ மாட்டிக்கிச்சாம்."

"அதுக்குள்ள ப்ளேன் போயிடுமே சார்."

"அதைக் கவுண்டர்ல கேளுங்க."

கவுண்டர்ப் பையன் தலையைத் தூக்காமலே, "செக்யூரிட்டி விஷயம் எங்க கையில இல்ல மேடம். அங்கதான் கேக்கணும்" என்றான்.

"பந்து மாதிரி உதைக்கிறாங்க பாருங்க, இங்கேயிருந்து அங்கே, அங்கேயிருந்து இங்கே" என்றார் நஜ்முன்னிசா. "அம்புட்டுக் காசைக் குடுத்து டிக்கெட் எடுத்துட்டு, என்னமோ திருடிட்டு வந்த மாதிரி நிக்கிறோம். ஒரு நாற்காலி போட நாதியில்ல."

அப்போதுதான் திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வாங்கம்மா. பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க."

அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கனிவாகப் பேசியிருக்கவில்லை. அதைக் கேட்டதும் லூர்துராணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. பின்பக்கமாக ஏதோ வழி இருக்கும், போலீஸ் அம்மா அதில் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, கைப்பையை நஜ்முன்னிசாவின் காலடியில் வைத்துவிட்டுத் திரையை விலக்கினாள். விலக்கும்போது ஒரு கணம் தயங்கினாள். திரை தரைவரைக்கும் இல்லை, முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே யாருடைய பாதமும் தெரியவில்லை.

உள்ளே கும்மிருட்டு. திரை பின்னால் விழுந்ததும் மழைச்சத்தம்கூட அடங்கிப்போனது. திரிந்த பாலின் வாடை, பல நாள் மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்தது போல முகத்தில் வந்து மோதியது. எதிரே ஆள் நிற்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை.

"புள்ளைய என்கிட்ட குடுங்க."

கொடுத்தாள். அழுகை நின்றது. ரேடியோவைத் திருகி அணைத்தது போல, விக்கலின் பாதியில்.

அப்புறம் கைகள். இரண்டு தோள்களிலும் ஒரே சமயத்தில் வந்து அமர்ந்து, அக்குளுக்குள் இறங்கி, முதுகில் பரவி, இடுப்பைச் சுற்றி, தொடை வழியாகக் கணுக்கால்வரை, அவசரமே இல்லாமல் இறங்கின. எதையோ தேடுகிற கைகளாக அவை இல்லை. கண் தெரியாதவர் ஒருவர் ஒரு முகத்தை மனப்பாடம் செய்வது போல இருந்தது. மறுபடி மேலே ஏறி, நெஞ்சின் மேல் வந்து நின்றன. ரவிக்கை நனைந்துபோகும் அளவுக்கு அவளுக்குப் பால் சுரந்தது.

"போதும். போயிட்டு வாங்க."

அந்த உருவம் குழந்தையை அவள் இடுப்பில் திரும்ப வைத்தது. லூர்துராணி வெளியே வந்தாள்.

வெளியே வந்த அதே நேரம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, காக்கிச் சேலை முழங்கால்வரை நனைந்து, மூச்சிரைக்க ஒருத்தி ஓடிவந்தாள். "மன்னிச்சுக்குங்க சார், மன்னார்புரத்துல முழங்கால் தண்ணி" என்றாள் சப்-இன்ஸ்பெக்டரிடம். இருளாயி என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள்.

லூர்துராணி அவளையே பார்த்தாள். "எனக்குத்தான் முடிஞ்சுதே. உள்ள ஒரு அம்மா பார்த்தாங்களே."

"எந்த அம்மா?"

சப்-இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு போய்த் திரையைச் சரேலென்று ஒதுக்கினார். மூன்று பக்கமும் பிளைவுட். பின்னால் சுண்ணாம்புச் சுவர். ஒரு முக்காலி. அதன் மேல் தூசி. வழி எதுவும் இல்லை.

"நீங்க பார்த்தீங்களாம்மா?" என்று நஜ்முன்னிசாவைக் கேட்டார்.

"இந்தப் புள்ள உள்ள போனதைப் பார்த்தேன். குரல் கேட்டுச்சு" என்ற அந்த அம்மா, சேலை முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு முணுமுணுவென்று ஓத ஆரம்பித்தார்.

"போர்டிங் கார்டுல முத்திரை இல்ல. முத்திரை இல்லாம விட முடியாது. இன்னொரு தடவை உள்ள போங்க."

"நான் போக மாட்டேன் சார்."

"அப்ப மெட்ராஸுக்கும் போக முடியாது."

இருளாயிதான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். டார்ச்சை முக்காலியில் நிமிர்த்தி வைத்தாள். லூர்துராணியின் தோளில் ஒரு கையை வைத்தவள், நிறுத்தினாள்.

"குழந்தைய அந்த அம்மாகிட்ட குடுத்துட்டு வந்துருங்க. ஒரு கையில புள்ளைய வச்சுக்கிட்டு செக் பண்ண முடியாது. எனக்கு ரெண்டு கையும் வேணும்."

குழந்தையைக் கொடுக்கத் திரும்பிய லூர்துராணி நின்றுவிட்டாள்.

இரண்டு கைகள். இரண்டும் என் தோளில் இருந்தன. இரண்டும் என் கணுக்காலில் இருந்தன.

அப்போது குழந்தை எங்கே இருந்தது?

மெல்லக் குனிந்து பார்த்தாள். அமலியின் முகம்தான். அமலியின் ரோஸ் கவுன், காது வளையம், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு. அழவில்லை. சிணுங்கவில்லை. டார்ச் வெளிச்சத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. இமைக்காமல்.

இருளாயி செல்லமாக அதன் பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். "என்னங்க இது, இப்படிச் சில்லுன்னு இருக்கு? மழையில நனைஞ்சுதா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் அவசரமாகத் தடவிப் பார்த்து முத்திரையைக் குத்தினாள்.

காத்திருக்கும் கூடத்தில் லூர்துராணி ஓரமாக உட்கார்ந்தாள். பால் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சேலைக்குள் அணைத்தாள். அது வாயைத் திறக்கவில்லை. கனத்தது. அமலியைக் காலையிலிருந்து தூக்கிச் சுமந்த இடுப்புக்கு அந்தக் கனம் பழக்கமில்லாததாக இருந்தது. "அமலி" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. "அமலோற்பவம்." முழுப்பெயருக்கும் இல்லை. பக்கத்தில் உட்கார வந்த நஜ்முன்னிசா, குழந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

விமானத்துக்கு அழைத்தார்கள். எல்லோரும் குடைகளோடு எழுந்தார்கள். வெளிக்கதவைத் திறந்ததும் மழைக்காற்று அடித்தது. அந்தக் காற்றோடு, பின்னாலிருந்து கேட்டது.

அழுகை. தொண்டை கட்டிய அழுகை. நடுவில் விக்கல்.

லூர்துராணி திரும்பி ஓடினாள். சப்-இன்ஸ்பெக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

"செக்யூரிட்டி முடிஞ்சவங்க திரும்ப இந்தப் பக்கம் வரக்கூடாதும்மா."

"என் புள்ள உள்ள அழுவுது சார்! அந்த ரூம்ல! கேக்கலையா உங்களுக்கு?"

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் அவள் இடுப்பைப் பார்த்தார்.

"உங்க புள்ள உங்க இடுப்புலதானேம்மா இருக்கு."

"இது இல்ல சார். இது இல்ல."

வரிசையில் நின்ற ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் பொறுமையிழந்து, "இவா ஒருத்தருக்காக நாங்க எல்லாரும் நனையணுமா? ஏற்கெனவே எத்தனை நேரம் லேட்! கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கோ" என்றார். பின்னாலிருந்து வேறு சில குரல்களும் எழுந்தன.

"ஒரே ஒரு தடவை உள்ள பாருங்கக்கா. மாதா மேல ஆணையாக் கேக்குறேன்" என்று இருளாயியிடம் கெஞ்சினாள்.

இருளாயி போனாள். திரையை விலக்கி உள்ளே தலையை நீட்டினாள். அப்படியே நின்றாள். அழுகை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு திரையை இழுத்து மூடிவிட்டு, ஈரச்சேலையில் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நீங்க கிளம்புங்க." இருளாயி அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "கிளம்பிடுங்க."

லூர்துராணி இடுப்பிலிருந்ததைக் கீழே இறக்கப் பார்த்தாள். முடியவில்லை. சின்னக் கைகள் அவள் கழுத்தைச் சுற்றிக் கோத்திருந்தன. இழுத்தாள். இறுகின. இன்னும் இழுத்தாள். மூச்சு முட்டியது.

கவுண்டர்ப் பையன் வந்து முழங்கையைப் பிடித்தான். "உங்க பெட்டி ஏத்தியாச்சு மேடம். நீங்க ஏறலைன்னா எல்லாத்தையும் இறக்கித் தேடணும். ப்ளீஸ்." பணிவாகத்தான் சொன்னான். பிடியை விடவில்லை. ஈரத் தரையில் அவள் செருப்பு வழுக்கி வழுக்கி இழுபட்டது. படி. இன்னொரு படி. கதவு.

இன்ஜின்கள் உறுமின. அந்த உறுமலுக்கு அடியில், மெல்லியதாக, அது நிற்கவேயில்லை. விமானம் எழும்பிச் சாய்ந்தபோது ஜன்னலுக்குக் கீழே மலைக்கோட்டை விளக்கும், காவிரியின் கறுப்பும், ஸ்ரீரங்கத்துத் தெருவிளக்குகளும் மழையில் கரைந்து போயின. அதற்கப்புறமும் கேட்டது. மேகத்துக்குள் போன பிறகுதான் கேட்கவில்லை.

மெட்ராஸில் அவள் யாரிடமோ சொன்னாள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள், குழந்தை எவ்வளவு சமர்த்து என்றார்கள். திருச்சிக்கு டிரங்க் கால் கேட்டாள். மழையில் லைன் போயிருந்தது. பம்பாயில் சொல்ல வாய் திறந்தாள். கழுத்தைச் சுற்றிய கைகள் லேசாக இறுகின. சொல்லவில்லை.

மஸ்கட்டில் கண் கூசும் வெயில். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்தனிஸ்லாஸ் துள்ளித் துள்ளிக் கையை ஆட்டினான். இரண்டு வருஷத்தில் இளைத்திருந்தான், முன்நெற்றி ஏறியிருந்தது. இஸ்திரி போட்ட புதுச் சட்டை. ஓடிவந்தவன் குழந்தையைப் பார்த்ததும் சட்டென்று நின்றான்.

"அப்படியே எங்கம்மா ஜாடை, ராணி" என்றான் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாம்மா, அப்பாகிட்ட வா."

திருச்சியிலிருந்து அவளை விடாத கைகள் ஒரே கணத்தில் விட்டன. அது தாவி அவன் மார்பில் ஒட்டிக்கொண்டது. கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவன் சிரித்தான், அதன் உச்சியில் மாறி மாறி முத்தமிட்டான். லூர்துராணி கையை நீட்டினாள். "குடுங்க. அவளை என்கிட்ட குடுத்துடுங்க." அவளுக்கே கேட்காத அளவுக்குத்தான் குரல் எழும்பியது.

"நீ மெல்ல வா. பெட்டி அங்க இருக்கட்டும், ஆள் வருவான்" என்று சொல்லிவிட்டு அவன் முன்னால் நடந்தான். கூட்டம் அவர்களுக்கு நடுவே புகுந்தது. அவள் கால்கள் அசையவில்லை.

அவன் தோளுக்கு மேலாக அந்த முகம் அவளைப் பார்த்தது. முதல்முறையாகச் சிரித்தது. சின்ன உள்ளங்கை மெல்ல மேலே எழுந்து, மடங்கி, விரிந்து, மடங்கியது.

"டாட்டா காட்டுறியா செல்லம்?" என்ற ஸ்தனிஸ்லாஸின் குரல் கூட்டத்துக்குள்ளிருந்து சந்தோஷமாகக் கேட்டது. "யாருக்குடா டாட்டா?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.